வாரத்தில் மூன்று ராத்திரி கார் வீட்டில் இல்லை என்றால் இரவுக் கட்டணத் திட்டம் சரிவருமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் உதவும். நீங்கள் லண்டனில் ஹாரோ பக்கம் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறீர்கள். மின்சாரக் கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு 8,000 மைல் ஓடும். ஓட்டுவது பெரும்பாலும் உங்கள் மனைவி. மருத்துவமனையில் நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். இப்போதைக்கு சாதாரண மூன்று பின் பிளக்கில் சார்ஜ் செய்கிறீர்கள். கையில் மூன்று திட்டங்கள்: எல்லா நேரமும் யூனிட்டுக்கு 26 பென்ஸ்; நள்ளிரவு 12.30 முதல் காலை 5.30 வரை 8 பென்ஸ், மற்ற நேரம் 31 பென்ஸ். மூன்றாவது, மாதம் 30 பவுண்டு சந்தா கட்டினால் காருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சார்ஜ், வீட்டுக்கு வழக்கமான 26 பென்ஸ். எது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் உண்மையான கவலை இருக்கிறது: "ராத்திரி மூன்று நாள் காரே வீட்டில் இல்லை, அப்புறம் இரவுக் கட்டணம் எடுத்து என்ன பிரயோஜனம்?"

நான் இங்கே 17 வருடமாக எலெக்ட்ரீஷியன். 2018-லிருந்து வீடுகளில் கார் சார்ஜர் மாட்டுவதுதான் பாதி வேலை. உங்கள் கவலையோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்: நர்ஸ்கள், கிடங்கில் வேலை செய்பவர்கள், மினிகேப் ஓட்டுபவர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரவுக் கட்டணம் சரிவரும், சந்தா வேண்டாம். ஆனால் மூன்று பின் பிளக்கை நம்பி இரவுக் கட்டணத்துக்கு மாற வேண்டாம்.

காரணத்தை விளக்குவதற்கு முன் ஒரு விஷயம். நாம் ஊரிலிருந்து ஒரு கணக்குப் பழக்கத்தோடு வருகிறோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை படிப்படியாக ஏறும். அதனால் கார் வாங்கியதும் நம் ஆட்களுக்கு வரும் முதல் பயம், "யூனிட் கூடினால் மேல் படிக்குப் போய்விடுமே" என்பது. இங்கே அந்தப் படிக்கட்டு கிடையாது. நூறாவது யூனிட்டும் ஐயாயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. விலையை மாற்றுவது கடிகாரம் மட்டும்தான். இது மனதில் பதிந்துவிட்டால் மீதிக் கணக்கு சுலபம்.

இப்போது உங்கள் காரை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் குடும்பக் கார் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை மைலுக்குக் கொஞ்சம் மேலே ஓடும். சார்ஜ் ஆகும்போது ஒரு பத்து சதவீதம் சூடாகி வீணாகப் போகும். ஆக மீட்டரில் ஏறும் ஒரு யூனிட்டுக்கு 3.3 மைல் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. 8,000 மைலுக்கு ஏறக்குறைய 2,400 யூனிட். வாரத்துக்கு 46 யூனிட். இந்த 46-தான் உங்களுக்கு முக்கியமான எண். போனை ஒவ்வொரு ராத்திரியும் சார்ஜில் போட்டுப் பழகியதால் காரையும் தினமும் போட வேண்டும் என்று தோன்றுகிறது. காருக்கு அப்படி இல்லை. சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர், 32 ஆம்பியரில் ஓடுவது, ஐந்து மணி நேரத்தில் 36 யூனிட் தரும். உங்கள் ஒரு வாரத் தேவை இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும். மனைவி மூன்று ராத்திரி வேலைக்குப் போனாலும் நான்கு ராத்திரி கார் வாசலில்தான் நிற்கிறது. தேவையைப் போல இரண்டு மடங்கு இடம் இருக்கிறது.

மூன்று பின் பிளக்கில் இதே கணக்கைப் போட்டால் கதை வேறு. காரோடு வரும் அந்தக் கேபிள் பாதுகாப்புக்காக 10 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. அதாவது 2.3 கிலோவாட். ஐந்து மணி நேரத்துக்கு 11.5 யூனிட். நான்கு ராத்திரிக்கு 46 யூனிட். பார்க்கச் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டு இடைவெளி இல்லை. ஒரு ராத்திரி விருந்தினர் கார் குறுக்கே நின்றால், ஒரு நாள் மாட்ட மறந்தால், போச்சு. குளிர்காலத்தில் ஹீட்டரும் ஓடி பேட்டரியும் குளிர்ந்திருக்கும்போது கார் எளிதாக நான்கில் ஒரு பங்கு கூடுதலாகக் குடிக்கும். அப்போது 46 என்பது 58 ஆகும், நான்கு ராத்திரியில் அடங்காது. மிச்சத்தைப் பகலில் 31 பென்ஸுக்குப் போட வேண்டியிருக்கும், இல்லையென்றால் வெளியே வேகச் சார்ஜரில் 70 பென்ஸுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக் கூட்டு வரி (VAT) 5 சதவீதம், பொது இடத்துச் சார்ஜருக்கு 20 சதவீதம் என்பதும் அந்த விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி.

மூன்று பின் பிளக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன நவம்பரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கராஜில் இருந்த பழைய சாக்கெட்டில் எட்டு மாதமாகக் கார் சார்ஜ். பிளக்கை உருவினால் வரவில்லை. பிளாஸ்டிக் இளகி, நியூட்ரல் பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் குற்றம். கெட்டில் மூன்று நிமிடம் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் இழுக்கும். சாக்கெட் வெளியில் 13 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் இந்த மாதிரி நீண்ட நேரச் சுமையை நினைத்து எல்லா சாக்கெட்டும் செய்யப்படவில்லை. அதற்கென்றே சோதிக்கப்பட்ட சாக்கெட்டுகள் கிடைக்கின்றன. சார்ஜர் வரும் வரை நீங்கள் பிளக்கையே பயன்படுத்துவதானால், அப்படி ஒன்றைத் தனி வயரில் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, பணக் கணக்கு. வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சார, எரிவாயு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம், ஒரு சராசரி வீட்டுக்கு என்று 2023-இல் வைத்த எண்ணும் அதுதான். அதில் நள்ளிரவுக்குப் பின் ஐந்து மணி நேரத்தில் ஃப்ரிட்ஜ், ரவுட்டர், பாய்லரின் பம்ப் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் போகும் என்று வைக்கிறேன். ஸ்டாண்டிங் சார்ஜ், அதாவது தினமும் கட்டும் நிலையான கட்டணம், மூன்று திட்டத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னதால் அதை விட்டுவிடலாம். முதல் திட்டத்தில் வீடும் காரும் சேர்ந்து 5,100 யூனிட், 26 பென்ஸில் 1,326 பவுண்டு. இரவுத் திட்டத்தில் வீட்டின் பகல் யூனிட்டுக்கு 711, இரவு யூனிட்டுக்கு 32, காருக்கு 192, மொத்தம் 935 பவுண்டு வாக்கில். சந்தாவில் காருக்கு 360, வீட்டுக்கு 702, மொத்தம் 1,062. ஆக இரவுத் திட்டம் ஆண்டுக்கு 390 பவுண்டு மிச்சம் செய்கிறது. சந்தாவும் மிச்சம்தான், ஆனால் இரவுத் திட்டத்தைவிட 126 பவுண்டு கூடச் செலவு.

பகல் விலை 31 பென்ஸ் என்பதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. நியாயமான பயம்தான், ஆனால் அளந்து பாருங்கள். பகலில் யூனிட்டுக்கு 5 பென்ஸ் கூடக் கொடுக்கிறீர்கள், இரவில் 18 பென்ஸ் குறைவாகக் கொடுக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் செலவு மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு 42 பவுண்டு நஷ்டம். அந்த 42 பவுண்டை மீட்க கார் இரவில் 230 யூனிட் சார்ஜ் ஆனால் போதும். மைலில் சொன்னால் 800-க்கும் குறைவு. ஒரு வீடு முழுவதும் மின்சார ஹீட்டரில் ஓடி, ஆண்டுக்கு 8,000 யூனிட் எரித்தாலும்கூட அதே விகிதத்தில் நஷ்டம் 125 பவுண்டுக்குள்தான் வருகிறது. உங்கள் அளவுக்கு ஓடும் கார் அதைத் தாண்டிவிடும்.

அப்படியென்றால் சந்தா யாருக்கு? நிறைய ஓட்டுபவருக்கு. உங்கள் விலைகளை வைத்துப் போட்டால், காருக்கு ஆண்டில் 4,000 யூனிட் தேவைப்படும் இடத்தில் சந்தாவும் இரவுத் திட்டமும் சமமாகின்றன. அதாவது 13,000 மைலுக்கு மேல் ஓடுபவர்களுக்குச் சந்தா லாபம். மினிகேப் ஓட்டும் ஒரு தம்பி ஆண்டுக்கு 25,000 மைல் ஓட்டினால் 7,500 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 8 பென்ஸ் விலையிலேயே 600 பவுண்டு ஆகும். அவருக்கு 360 பவுண்டு சந்தா பெரிய உதவி. ஆனால் அவர்தான் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை முதலில் படிக்க வேண்டியவர். "அளவில்லாமல்" என்று பெரிதாக எழுதியிருக்கும் இடத்தில் வாடகைக்கு ஓடும் கார் சேருமா, மாதத்துக்கு ஏதாவது உச்ச யூனிட் உண்டா, ஒரு வீட்டில் இரண்டாவது கார் இருந்தால் என்ன, நிறுவனம் குறிக்கும் நேரத்துக்கு வெளியே நாமாக ஆன் செய்தால் எந்த விலை என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். போனில் சொல்வதை நம்ப வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். காரை விற்றுவிட்டாலோ, இரண்டு மாதம் ஊருக்குப் போனாலோ சந்தா நிற்குமா என்பதையும் கேளுங்கள். நம்மில் பலர் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆறு வாரம் போய்விடுகிறோம். அந்த ஆறு வாரம் இரவுத் திட்டத்தில் காருக்கு ஒரு பென்னி ஆகாது, சந்தாவில் நாற்பது பவுண்டுக்கு மேல் சும்மா போகும்.

இரவுத் திட்டத்தில் குறைந்த விலை காருக்கு மட்டும் இல்லை, அந்த நேரத்தில் வீட்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் உண்டு. டிஷ்வாஷரை ராத்திரிக்குத் தள்ளினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். இதை எல்லோரும் சொல்வார்கள், நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன்: எல்லோரும் தூங்கும்போது வாஷிங் மெஷினையும் டம்பிள் டிரையரையும் ஓடவிட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். டிரையரால் தீப்பிடித்த ஒரு சமையலறைக்கு வயரிங் மாற்றப் போயிருக்கிறேன். பக்கத்து அறை வரை சுவரெல்லாம் கரி. ஒரு லோடுக்கு மிஞ்சுவது முப்பது நாற்பது பென்ஸ். அந்தக் காசுக்காக அதைச் செய்யாதீர்கள். கார் சார்ஜ் ஆகட்டும், மற்றது விடிந்து ஓடட்டும்.

இரவில் ஏன் மலிவு என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது, ஏதோ விளம்பரத் தந்திரம் என்று. இல்லை. பிரிட்டனில் இது பழைய ஏற்பாடு. எக்கனாமி 7 என்ற ஏழு மணி நேர இரவுக் கட்டணம் 1978-லிருந்து இருக்கிறது. அப்போது காரணம் நிலக்கரி, அணு நிலையங்கள். ராத்திரி ஆள் தூங்கினாலும் அவற்றைச் சட்டென்று நிறுத்தி எடுக்க முடியாது. அதனால் செங்கல் அடுக்கிய ஸ்டோரேஜ் ஹீட்டரை இரவில் சூடாக்கிப் பகலில் வெப்பம் எடுத்தார்கள். பல வீடுகளில் அந்த மீட்டரை இரவு விலைக்கு மாற்றும் சமிக்ஞை பிபிசி ரேடியோ 4-இன் நெட்டலை ஒலிபரப்போடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது; நான் வந்த புதிதில் ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியைக் காட்டி இதைச் சொன்னபோது நம்பவே முடியவில்லை. இப்போது நிலக்கரி போய்விட்டது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. ஆனாலும் ராத்திரி மலிவாகவே இருக்கிறது, காரணம் மாறிவிட்டது. குளிர்கால மாலை ஐந்து ஐந்தரைக்கு நாடு முழுவதும் அடுப்பும் விளக்கும் ஒன்றாக ஏறும்போது தேவை 45 ஜிகாவாட் வரை போகிறது. நள்ளிரவுக்குப் பிறகு அதில் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது, காற்றாலைகளோ யார் தூங்கினாலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காற்று பலமாக அடிக்கும் சில ராத்திரிகளில் மொத்தச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகிறது. அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். பெரிய பேட்டரியோடு வாசலில் நிற்கும் கார் அதற்குப் பொருத்தமான வாடிக்கையாளர்.

இதிலிருந்துதான் நான்காவது வகைத் திட்டமும் வருகிறது, அது உங்கள் பட்டியலில் இல்லை. சார்ஜ் ஆகும் நேரத்தை நிறுவனமே தீர்மானிக்கும் திட்டம். "காலை 7 மணிக்கு 80 சதவீதம் வேண்டும்" என்று நீங்கள் ஆப்பில் சொல்கிறீர்கள். எப்போது ஓட வேண்டும் என்பதை அவர்கள் காருக்கோ சார்ஜருக்கோ நேரடியாகச் சொல்கிறார்கள். ஆக்டோபஸ் என்ற மின்சார நிறுவனத்தின் இன்டெலிஜென்ட் கோ இந்த வகை. அதில் இரவு 11.30 முதல் காலை 5.30 வரை ஆறு மணி நேரம் வீட்டுக்கும் சேர்த்து மலிவு விலை. அந்த ஒரு மணி நேரக் கூடுதல் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிது. நான்கு ராத்திரிக்கு ஆறு மணி என்றால் மூன்று பின் பிளக்கிலேயே 55 யூனிட் கிடைக்கும். ஆனால் கார் மாடலோ சார்ஜர் மாடலோ அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். சார்ஜர் வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், வாங்கிய பின் அல்ல. சார்ஜரை மட்டும் நம்பி நுழைந்தால், பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதுவே இடைஞ்சலாகவும் ஆகலாம். கார் நிறுவனத்தின் சர்வர் ஒரு ராத்திரி படுத்துவிட்டால் சார்ஜ் தொடங்காமல் போவதும் உண்டு. நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புபவருக்கு எப்போதும் மூன்றில் ஒரு பங்காவது பேட்டரியில் இருக்கட்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது.

டைமர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் எனக்கு வரும் பாதி போன் அழைப்புகள் இதைப் பற்றித்தான். வெம்பிளியில் ஒரு அக்கா, அவரும் நர்ஸ்தான். சார்ஜர் மாட்டி ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "தம்பி, ராத்திரி மாட்டுறேன், காலையில பார்த்தா ரெண்டு சதவீதம்தான் ஏறியிருக்கு." போய்ப் பார்த்தேன். சார்ஜரில் 12.30 முதல் 5.30 என்று நான் வைத்துக்கொடுத்திருந்தேன். அவருடைய மகன் அக்கறையோடு காரிலும் ஒரு டைமர் வைத்திருந்தான், பழைய திட்டத்தின் நேரப்படி காலை 5.15-இலிருந்து. இரண்டும் ஒன்றாக ஒத்துக்கொள்ளும் நேரம் பதினைந்து நிமிடம் மட்டும். டைமர் ஒரே இடத்தில் இருக்கட்டும், காரில் அல்லது சார்ஜரில். மற்றதில் "மாட்டியதும் சார்ஜ்" என்று விட்டுவிடுங்கள்.

சார்ஜருக்கே பிறவியில் வரும் இரண்டு குணங்களும் உண்டு. 2022 ஜூன் 30 முதல் அமலில் உள்ள ஸ்மார்ட் சார்ஜர் விதிகளின்படி, புதிதாக விற்கும் வீட்டுச் சார்ஜர், வேலை நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் 10 வரையும் சார்ஜ் செய்யாத அமைப்போடுதான் வர வேண்டும். நீங்கள் விரும்பினால் மாற்றலாம். அடுத்தது, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் வரை தாமதித்துத் தொடங்கும். லட்சம் வீடுகளில் ஒரே நொடியில் 12.30-க்கு ஆன் ஆனால் மின்வலை அதிரும் என்பதற்காக வைத்தது. 12.37 வரை ஒன்றும் நடக்கவில்லை என்று ராத்திரியில் வாசலில் நின்று கவலைப்படாதீர்கள்.

உங்கள் வீட்டில் பணம் ஒழுகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. மனைவி காலை எட்டரைக்குக் களைத்து வருகிறார். பேட்டரி குறைவாக இருக்கிறது, சாயந்திரம் மறுபடி போக வேண்டும். "கொஞ்சம் ஏறட்டும்" என்று பகலில் ஆன் செய்துவிட்டுத் தூங்கப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காரின் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் பகலில் போனால் ஆண்டுக்கு 110 பவுண்டு கூடும், கிட்டத்தட்டச் சந்தாவுக்கும் இரவுத் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு. ஷிஃப்ட் தொடங்கும் முந்தைய இரண்டு ராத்திரியும் தவறாமல் மாட்டிவிட்டால் இது வராது. ரோஸ்டர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்குமே, அதிலேயே சார்ஜ் நாளையும் குறித்துவிடுங்கள். நான் சொன்ன அந்த அக்கா வீட்டில் பச்சைப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. குளிர்காலத்தில் கிளம்பும் முன் காரைச் சூடாக்கிக்கொள்வது பகல் விலையில்தான் போகும், ஆனால் ஒன்றிரண்டு யூனிட்தான். அதை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

திட்டம் மாறுவதற்கு முன் ஸ்மார்ட் மீட்டர் இருக்க வேண்டும், அது அரை மணிக்கு ஒரு முறை ரீடிங் அனுப்ப நீங்கள் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். இருக்கிறது என்பது போதாது, அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதை என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். மாடிப்படிக்கு அடியில் மீட்டர். சிக்னல் விட்டு விட்டு வந்தது. இரவுத் திட்டத்துக்கு மாறிய முதல் பில்லில் இரவு யூனிட் என்று ஒரு வரியே இல்லை, எல்லாம் பகல் விலையில். நிறுவனத்தோடு பேசிச் சரிசெய்ய ஒன்பது வாரம் பிடித்தது. எனக்குக் கைகொடுத்தது சார்ஜரின் ஆப்பில் இருந்த பதிவு: எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை யூனிட் என்று நாள்வாரியாக இருந்தது. அதைப் பதிவிறக்கி அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பியது. நீங்களும் அந்தப் பதிவை மாதம் ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்கனாமி 7 பழைய மீட்டர் உள்ள வாசகர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: பல மீட்டர்களில் கடிகாரம் கோடைக்கு மாறாது, அதனால் கோடையில் மலிவு நேரம் நம் கடிகாரப்படி ஒரு மணி நேரம் தள்ளி வரும்.

சார்ஜர் மாட்டுவதில் உங்கள் வீட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஹாரோ, வெம்பிளி பக்கத்து வரிசை வீடுகளில், குறிப்பாக இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கட்டியவற்றில், தெருவிலிருந்து வரும் ஒரே கேபிள் உங்கள் மீட்டருக்கு வந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கும் போவது உண்டு. அப்படி இருந்தால் அதைப் பிரித்த பின்தான் 7 கிலோவாட் சார்ஜர் போட முடியும். அது எலெக்ட்ரீஷியன் செய்யும் வேலை இல்லை, மின்வலை நிறுவனம் செய்வது, வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். மெயின் ஃபியூஸ் 60 ஆம்பியரா, 80-ஆ, 100-ஆ என்பது இரண்டாவது. 60 என்றாலும் பயப்பட வேண்டாம், வீட்டில் ஷவரும் அடுப்பும் ஓடும்போது தானாகக் குறைந்துகொள்ளும் சார்ஜர்கள் இருக்கின்றன. சாதாரணமாக மாட்டுக்கூலியோடு ஆயிரம் பவுண்டு வாக்கில் ஆகும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு இருந்த 350 பவுண்டு அரசு மானியம் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆண்டுக்கு 390 பவுண்டு மிச்சம் என்றால் இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட பணம் திரும்பும். இரண்டு வருடத்தில் வீடு மாறுவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள்; அப்போது ஆறு மணி நேரத் திட்டமும் நல்ல சாக்கெட்டும் போதும்.

விலைகளைப் பற்றி எவரும் உறுதி கொடுக்க முடியாது. ஆஃப்ஜெம்மின் உச்சவரம்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும், அது வழக்கமான மாறும் கட்டணத்துக்குத்தான். நீங்கள் எடுக்கும் 8 பென்ஸ் ஒரு வருடத்துக்குப் பூட்டிய விலையா, அவர்கள் நினைத்தால் மாற்றலாமா, நடுவில் விலகினால் கட்டணம் உண்டா என்று பாருங்கள். 2021 இறுதியில் மொத்த விலை ஏறியபோது கவர்ச்சியான திட்டம் கொடுத்த பல சிறு நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடின. பெரிதாக இருந்த பல்ப் நிறுவனமே அந்த நவம்பரில் அரசின் சிறப்பு நிர்வாகத்துக்குப் போனது. வாடிக்கையாளருக்கு மின்சாரம் நிற்கவில்லை, வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டது, ஆனால் பழைய விலை போய்விட்டது. நான் போட்ட கணக்கில் மாறாத பகுதி யூனிட்தான்: வாரத்துக்கு 46, வீட்டுக்கு 2,700. புது விலை வரும்போதெல்லாம் அந்த இரண்டு எண்ணையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இந்த வாரம் செய்ய வேண்டியது, மீட்டர் பெட்டியைத் திறந்து, மெயின் ஃபியூஸும் அதற்குக் கீழே வரும் கேபிளும் தெரியும்படி இரண்டு படம் எடுங்கள். எதையும் தொட வேண்டாம். ஃபியூஸ் பெட்டிக்குக் கீழிருந்து ஒரு தடித்த கேபிள் வருகிறதா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு என்றால் பக்கத்து வீட்டோடு பகிர்ந்த இணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தோடு இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். சார்ஜர் மாட்டிய பிறகு திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், முன்னால் வேண்டாம். மாறிய பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, நிறுவனத்தின் ஆப்பில் அரை மணி வாரியான வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 12.30-க்கும் 5.30-க்கும் நடுவில் உயரமான கம்பங்கள் நின்று, அதன் விலை 8 பென்ஸ் என்று காட்டினால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. காட்டவில்லை என்றால் அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள், முதல் பில் வரும் வரை காத்திருக்காதீர்கள். கேபிள் படம் புரியவில்லை என்றால் இங்கேயே போடுங்கள், முகவரி தெரியாதபடி, பார்த்துச் சொல்கிறேன்.